அளக்காத பார்டர்

என் அக்காவுக்கு என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் பெயர் பூட்டு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவாள், அதிலும் மூன்று ‘நூலை இங்கே எடு’ என்பதாகத்தான் இருக்கும். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. எங்கள் அம்மா வாய் முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அதனால் அக்காவின் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளைக் கேட்டால், ‘ஒரு குவில்ட் தைத்துக் கொடுத்தேன்’ என்று முடித்துவிடுவாள்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மேல்துணியைத் தைப்பது ஒருத்தி. அதைப் பஞ்சோடும் அடித்துணியோடும் சேர்த்து மெஷினில் தைப்பது பெரும்பாலும் இன்னொருத்தி. அந்த இன்னொருத்திதான் என் அக்கா. எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில் நீளத்துக்கு மேல் இருக்கும் இரும்புச் சட்டம். அதில் மூன்று அடுக்கையும் விறைப்பாகக் கட்டி, தண்டவாளத்தில் ஓடும் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் போவாள், வருவாள். இறகு, சுருள், கொடி, அலை, கட்டம், எது கேட்டாலும் அவள் கையிலிருந்து இறங்கும். தைத்து முடித்ததும் நான் ஓரங்களைச் சீராக வெட்டி ஓரப்பட்டி கட்டுவேன். எங்கள் இருவர் பிழைப்பும் அதுதான்.

அதற்கு முன் பதினோரு வருடம் அக்கா இந்த ஊரின் ஒரே குவில்ட் கடையில் வேலை பார்த்தாள். கடைக்காரம்மா நல்ல வாட்டசாட்டமான ஆள். குரலும் அப்படியே. ஊரில் குவில்ட் தைக்கிற பெண்கள் எல்லாரும் அவளுடைய கடைக்குத்தான் மேல்துணியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பின்னால் இருந்த ஜன்னலில்லாத அறையில் அக்கா தைப்பாள்; ஊருக்குத் தெரிந்தவரை அவள் நூல் வெட்டித் தரும் எடுபிடி. முன்னால் கடைக்காரம்மா அதை விரித்துக் காட்டி, ‘தோள் வலி உயிர் போகுது, ரெண்டு நாள் நின்னு தச்சேன்’ என்பாள். வருடா வருடம் நடக்கும் கண்காட்சியில் ஒவ்வொரு குவில்ட்டுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். மேல்துணி யார், மெஷின் தையல் யார் என்று அதில் இரண்டு வரி இருக்கும். இரண்டாவது வரியில் எப்போதும் கடைக்காரம்மாவின் பெயர்தான். தலையில் மிளகாய் அரைப்பது என்று சும்மா சொல்வார்கள். என் அக்காவின் தலையில் அவள் பதினோரு வருடம் ஆட்டுக்கல்லே போட்டு அரைத்தாள்.

பதினோராவது வருடம் அக்கா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அட்டையில் தன் பெயரும் வரட்டுமே என்று கேட்டாள். அந்த வாரமே ஒரு மணப்பெண்ணுக்கான வெள்ளைக் குவில்ட்டில் எண்ணெய்க் கறை விழுந்தது. அன்று காலை மெஷினுக்கு எண்ணெய் விட்டவள் கடைக்காரம்மா. விட்டதைத் துடைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் அப்போது ஊசி வாங்கக் கடையில் நின்றிருந்தேன், அதனால் என் காதாலேயே கேட்டேன். ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நடுவில் அக்காவை முன்னால் கூப்பிட்டு, அந்தக் கறையைக் காட்டி அவள் சொன்னாள்:

“அழுக்குக் கை. இதுக்குப் பேரு வேற கேக்குது.”

அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் ஊர் முழுக்கப் போனது. பிறகு இந்தப் பழைய மெஷினை வாங்கி வைத்தும் முதல் ஒரு வருடம் எங்கள் வாசலில் ஈ காக்காய் இல்லை. அக்கா தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை அந்த வருடத்தில்தான் அதிகம் பார்த்தேன். கழுவிய கையையே மறுபடி கழுவுவாள். கடையில் அந்த வாக்கியத்தைக் கேட்ட அன்றைக்கே நான் கறுவிக்கொண்டேன்: இந்தப் பொம்பளை, தன் வாயால், கூட்டத்தின் நடுவில், ‘தைத்தது இவள்’ என்று சொல்ல வேண்டும். அக்காவிடம் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கும் வேண்டியது அதுதான், அது மட்டும்தான் என்று எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் போனது. கொஞ்சம் கொஞ்சமாக வாடிக்கை திரும்பியது. கடைக்காரம்மாவுக்கு எதிர்மாறாக நடந்தது. அக்கா போனபின் மூன்று பேரை வேலைக்கு வைத்தாள், ஒருத்தியும் நிலைக்கவில்லை. கம்ப்யூட்டர் வைத்த புது மெஷின் இறக்கினாள். அதிலும் அவளுடைய சொந்தக் குவில்ட்டுகளின் பார்டர் எல்லாம் நெளிந்து நெளிந்து வந்தது. மெஷினைத் திட்டினாள், மெஷின் ஓட்டியவளைத் திட்டினாள், பஞ்சு விற்றவனைத் திட்டினாள். தன் கையை மட்டும் திட்டவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. மேல்துணியைச் சுற்றி அகலமாகப் பார்டர் வைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மேல்துணியின் நடுவில் டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்குத்தான் பார்டர்த் துணியை வெட்ட வேண்டும்; பிறகு இரண்டு முனையையும் நடுவையும் ஊசி குத்தி நிறுத்தித் தைக்க வேண்டும். கடைக்காரம்மா என்றைக்கும் அளந்ததில்லை. நீளமாக ஒரு துணியை வைத்து மெஷினில் விடுவாள், மேல்துணி முடிந்ததும் மிச்சத்தைக் கத்தரிப்பாள். அப்படித் தைத்தால் பார்டர்த் துணி இழுபட்டு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக உட்கார்ந்துவிடும். மேஜையில் பார்த்தால் தெரியாது. தைத்துத் தொங்கவிட்டால் மழையில் நனைந்த நோட்டுத் தாள் மாதிரி நெளியும்.

பதினோரு வருடம் அந்த இரண்டு அங்குலத்தை அக்கா விழுங்கினாள். கொஞ்சம் தடித்த பஞ்சு வைப்பாள், நீராவி காட்டுவாள், பார்டர் முழுக்க நெருக்கமாக இறகு தைத்து, உபரித் துணியை விரல் நுனியால் தையலுக்குள் தள்ளித் தள்ளித் தட்டையாக்குவாள். யாரிடமும் சொல்லவில்லை. அதனால் கடைக்காரம்மா தன் பார்டர்கள் எல்லாம் தாமாகவே தட்டையாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடக் கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு மத்தியான நேரம் எங்கள் பின்வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கடைக்காரம்மா. கறுப்புப் பை ஒன்றைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். எங்கள் வீட்டு ஜன்னல், எங்கள் வீட்டுத் திரை.

விஷயம் இதுதான். இந்த முறை வெளியூரிலிருந்து பெரிய நடுவர் ஒருத்தர் வருகிறார். கடைக்காரம்மா இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு மேல்துணி தைத்திருக்கிறாள். அதைக் கம்ப்யூட்டர் மெஷினிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அக்கா தைத்துத் தர வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது. அட்டை பற்றி அவள் பேசவே இல்லை. பேச வேண்டிய விஷயமாகவே அவளுக்குப் படவில்லை.

பையிலிருந்து எடுத்து விரித்தாள். அதை அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நட்சத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவிலிருந்து விரிந்தன, ஒரு முனையும் பிசகவில்லை. சுற்றிலும் கையகலத்துக்கு ஒரே நீலத்தில் பட்டுப் பார்டர். அக்கா குனிந்து பார்டர் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினாள். துணி அவள் கைக்கு முன்னால் ஒரு சின்ன மேடாக எழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்களிடம் ஓர் ஆர்டர் தாள் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் பஞ்சு, எந்த நூல், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே டிசைனா, நடுவுக்கு ஒன்று பார்டருக்கு ஒன்றா, தையல் நெருக்கமா இடைவெளியா, ஓரப்பட்டி நாங்கள் கட்டுவதா. நான் கேட்கக் கேட்க கடைக்காரம்மா சொன்னாள். மெல்லிய பஞ்சு. நட்சத்திரங்களுக்கு நடுவே இடமே தெரியாத அளவுக்கு நெருக்கமாக இறகு. பார்டரில் ஒரு தையல்கூட விழக் கூடாது. பட்டுத் துணி விலையுயர்ந்தது, அது வெறுமையாக மின்ன வேண்டும்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெருக்கமாகத் தைத்தால் துணி உள்வாங்கிச் சுருங்கும். நடுவைச் சுருக்கிவிட்டு, ஏற்கெனவே நீளமான பார்டரை வெறுமையாக விட்டால் அது போக இடமில்லாமல் கூத்தாடும். அவள் கேட்டதைவிட மோசமான ஒன்றை அந்த மேல்துணிக்கு யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவளை அடக்கலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

“பார்டர அளந்து வச்சீங்களா?”

கடைக்காரம்மா சிரித்தாள். “எனக்கே பார்டர் சொல்லித் தர்றியா நீ? சொன்னத மட்டும் தை, போதும்.”

அக்கா தலையாட்டிவிட்டு, அந்தத் தாளில் ‘சொன்னதை மட்டும்’ என்று கடைசி வரியாக எழுதச் சொன்னாள். நான் எழுதினேன். கடைக்காரம்மா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அவள் போனதும் நான் என் திட்டத்தை எடுத்தேன். தண்ணீர் பட்டால் கரைந்துபோகிற நூல் ஒன்று உண்டு, துணிகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் டாக்கா தையலுக்கு வைத்திருப்போம். முழுவதையும் அதிலேயே தைத்துக் கொடுத்துவிடு, முதல் சலவையில் மூன்று அடுக்கும் தனித்தனியாக வாளியில் மிதக்கட்டும் என்றேன். சொல்லும்போதே எனக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா அந்த நூல்கண்டை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தன் தையல் கரைந்தால் கேவலம் தனக்குத்தான் என்றாள். கடைக்காரம்மா என்ன கேட்டாளோ அது கிடைக்கும், அதற்கு மேல் ஓர் இழை கிடைக்காது என்றாள்.

நடுப்பகுதிக்கு மட்டும் பதினாறு நாள் ஆனது. நான் என் ஆயுளில் அப்படி ஒரு தையல் பார்த்ததில்லை. ஒவ்வொரு இறகும் நட்சத்திர முனைவரை போய், தொடாமல் திரும்பியது. பழிவாங்க நினைக்கிற ஒருத்தி இவ்வளவு அழகாகத் தைப்பாளா என்று எனக்குச் சந்தேகமே வந்தது.

பதினேழாவது நாள் பார்டருக்கு வந்தாள். நடுவும் பார்டரும் சேர்கிற கோட்டின் பள்ளத்திலேயே ஒரு தையல் ஓட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் மெஷின் வேறு சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூலையில் அக்காவின் இடது கைவிரல்கள் பழக்கதோஷத்தில் உபரித் துணியைத் தையலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு சாண் நீளத்துக்கு நெளிவு போய் அழகாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கே தெரியவில்லை.

நான் கூப்பிட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு அந்த ஒரு சாணைப் பார்த்தாள். அவள் முகம் எனக்குப் பயமாக இருந்தது. நெளிந்த குவில்ட் ஒன்று அவள் கையைவிட்டு வெளியே போனதே கிடையாது, வேண்டாதவள் என்றாலும் கை கேட்கவில்லை. விட்டுவிடுவாளோ, எல்லாவற்றையும் மறுபடி விழுங்கிவிடுவாளோ என்று தோன்றியது. “பதினோரு வருஷம் போதாதா?” என்று கேட்டேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து, தான் போட்ட கருணையை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். ஒரு மணி நேரம் பிடித்தது. நான் பக்கத்தில் நின்று அறுந்த நூலைப் பொறுக்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

ஓரப்பட்டி என் பங்கு. வழக்கமாக நான் பட்டியை ஒரு இம்மி குறைத்து வெட்டி, நெளிகிற ஓரத்தை அதற்குள் பிடித்து இழுத்துக் கட்டுவேன். இந்த முறை உள்ளது உள்ளபடி கட்டினேன். அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

எடுத்துப்போக வந்தபோதும் பின்வாசல்தான். அக்கா விரித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். கடைக்காரம்மா மேஜைமேல் மடித்திருந்ததில் நடுப்பகுதியை மட்டும் திறந்து பார்த்தாள். அவள் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. அந்த நேரம் பார்த்து எங்கள் சந்தில் ஊர்க் குவில்ட் சங்கத்துப் பெண் ஒருத்தி யாருடனோ பேசிக்கொண்டு போகும் குரல் கேட்டது. உடனே எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டாள். பார்டரைப் பற்றி அவள் யோசித்திருக்கவே மாட்டாள். அக்கா கைக்குப் போய் வந்த பார்டர் ஒருநாளும் அவளுக்கு நெளிந்து வந்ததில்லையே.

கண்காட்சி பெரிய கூடத்தில் நடந்தது. குவில்ட்டுகளைத் தொங்கவிடுவது தொண்டர்கள் வேலை, நடுவர் வரும்வரை சொந்தக்காரர்கள் உள்ளே போக முடியாது. கதவு திறந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நேர் எதிர்ச் சுவரில், எல்லா விளக்கும் படும் இடத்தில் அது தொங்கியது. நடு கண்ணாடிபோல் சமமாக இருந்தது. நான்கு பக்கமும் நீலப் பட்டு, சின்னக் குழந்தையின் கவுன் அடிப்பகுதிபோல் எழுந்து எழுந்து விழுந்தது. அக்கா முதல் மூலையைத்தான் பார்த்தாள். வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

அட்டையில் இரண்டு வரி. மேல்துணி, கடைக்காரம்மா பெயர். மெஷின் தையல், அதே பெயர்.

கடைக்காரம்மா அதன் முன்னால் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அவளைச் சுற்றி இருந்தார்கள். நடுவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். உயரமான, அவசரமில்லாத ஓர் அம்மாள். குவில்ட்டின் நடுவைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார், பள்ளங்களில் விரலை ஓட்டினார், விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார். இந்தக் கூடத்திலேயே இதற்கு நிகரான தையல் இல்லை என்று உதவியாளரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு பார்டரைத் தொட்டார். அளக்காமல் வைத்த பார்டர், தையலில்லாமல் விட்டது அதைவிடத் தப்பு, பரிசுக்கு எடுக்க முடியாது என்றார்.

கடைக்காரம்மாவுக்கு அந்த இடத்தில் இரண்டே வழி இருந்தது. அட்டையில் உள்ளபடி இரண்டும் தன் வேலை என்று வாயை மூடிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் தைத்தது யார் என்று சொல்லலாம். முதலாவது அவளுக்கு முடியாது, அவளை எனக்குத் தெரியும். தப்பு தன் தலையில் விழும்போது அடுத்தவர் தலையைத் தேடுகிற ஆள் அவள். சுற்றிப் பார்த்தவள் கண்ணில் அக்கா பட்டாள்.

“இத தச்சது நான் இல்ல. இவதான் தச்சா. வேணும்னே கெடுத்திருக்கா,” என்று அக்காவைக் கைநீட்டிக் காட்டினாள். கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

நான் நான்கு வருடம் காத்திருந்த வாக்கியம். கூட்டத்தின் நடுவில், அவள் வாயால் வந்துவிட்டது.

“ஆமா. நான்தான் தச்சேன்,” என்றாள் அக்கா.

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அந்த நடுவுல இருக்கற தையலும் இவங்களோடதுதானா?” என்று கடைக்காரம்மாவிடம் கேட்டார்.

கடைக்காரம்மா அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். நான் பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்து நடுவரிடம் நீட்டினேன். மெல்லிய பஞ்சு, நெருக்கமான நடு, வெறும் பார்டர், சொன்னதை மட்டும், கீழே பெரிய எழுத்தில் கையெழுத்து. அவர் படித்துவிட்டு அருகில் நின்றவளிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் போனது.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே நீ,” என்றாள் கடைக்காரம்மா. குரல் இறங்கிவிட்டது.

“சொன்னேன். பதினோரு வருஷம் சொல்லாம சரி பண்ணேன். இந்தத் தடவ சொன்னேன், சரி பண்ணல,” என்றாள் அக்கா.

நடுவர் அட்டையைக் கழற்றி, இரண்டாவது வரியை அடித்துவிட்டு, பேனாவை அக்காவிடம் கொடுத்தார். அக்கா எழுதி முடித்ததும் அவர் வலது கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெறுங்கையால். கடைக்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் கூட்டம் கணக்குப் போட ஆரம்பித்தது. மணப்பெண்ணின் வெள்ளைக் குவில்ட்டுக்குச் சொந்தக்காரி முதலில் வந்தாள். ‘அப்ப என்னோடதும்?’ என்று கேட்டாள். அக்கா ஆமாம் என்றாள். இன்னொருத்தி, முதல் பரிசு வாங்கிய கொடி டிசைனைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் ஆமாம். மூன்றாவதாக ஒருத்தி தன் அலைக் குவில்ட்டைக் கேட்டாள், அதற்கும் ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவர்கள் திரும்பிக் கடைக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் குவில்ட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். பெரிய வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது, அந்தக் கூடத்துக்குப் பின்வாசல் கிடையாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது. போதுமா அக்கா, ஆறிச்சா என்று கேட்டேன். அவள் நடந்துகொண்டே, அன்றைக்குப் பேசியதிலேயே நீளமாக ஒன்று சொன்னாள்.

“அந்தக் கடையில நான் தச்சது நூத்தி நாப்பத்தாறு. அதுல மூணு குவில்ட்டப் பத்திதான் இன்னிக்குக் கேட்டிருக்காங்க.”